முறையீடு கேளாத நீதி

முன்னுரை

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்திக்கொண்டிருந்தேன். பாண்டியன் தன் தவற்றை உணர்ந்து அரியணையிலேயே உயிர் துறக்கும் இடத்தை விளக்கி முடித்துவிட்டு, "நீதி வழங்க வேண்டியவனே குற்றவாளியாக நிற்கும் கதையை வேறு எங்கேனும் படித்திருக்கிறீர்களா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டேன். மனுநீதிச் சோழனைச் சொன்னார் ஒருவர். பொற்கைப் பாண்டியனைச் சொன்னார் மற்றொருவர். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவர் தயங்கியபடி எழுந்தார்.

"ஐயா, நான் படித்தது காமிக்ஸ் புத்தகம். சொல்லலாமா?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. சொல்லும்படி கேட்டேன். எதிர்கால நகரம் ஒன்றில் காவலரே நீதிபதியாக இருக்கிறார் என்றும், வேற்றுலகத்திலிருந்து செத்துப்போன நீதிபதி ஒருவன் அங்கு வந்து, உயிரோடிருப்பதே குற்றம் என்று தீர்ப்பளித்து எல்லாரையும் கொல்கிறான் என்றும் அவர் சொன்னார். சிரிப்பு அடங்கிவிட்டது. மறுநாள் அந்தப் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து கொடுத்தார். அவருடைய ஊர் பழனி மலைத்தொடரில் பண்ணைக்காட்டுக்கு மேலே உள்ள ஒரு சிற்றூர். தந்தையார் கொடைக்கானலில் ஒரு விடுதியில் காவலாளி. அங்குத் தங்கிச் சென்ற வெளிநாட்டார் ஒருவர் விட்டுச்சென்ற ஆங்கிலப் புத்தகம் அது.

அந்த மாணவரை முதலாண்டிலேயே ஒரு முறை நான் நேருக்கு நேர் சந்தித்திருந்தேன். அந்தச் சந்திப்பைப் பற்றி இக்கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன் அவர் தந்த சித்திரக்கதையைப் பற்றியும், அது எழுப்பும் கேள்விக்கு நம் மரபு தரும் விடையைப் பற்றியும் மாணவ நண்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

சித்திரக்கதை ஆய்வுக்கு உரியதா?

கல்லூரி மலரில் காமிக்ஸுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ் வாசகர்களுக்குச் சித்திரக்கதை புதிய விருந்தாளி அன்று. 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழின் நாயகனான இரும்புக்கை மாயாவி, 1962 முதல் பிரிட்டனின் ஒரு வார இதழில் உலவியவன். 1984ஆம் ஆண்டு அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. வத்தலக்குண்டு, பழனி, ஒட்டன்சத்திரம் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய அந்தப் புத்தகங்களை வாங்கி, மலையேறும் பேருந்தில் தலை சுற்றலையும் மறந்து படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆயினும் ஆசிரியர் ஆனபின் அவற்றை மறைத்தே வைத்தேன். பாடப் புத்தகத்துக்குள் காமிக்ஸை மறைத்த மாணவனுக்கும், பெட்டிக்குள் மறைத்த ஆசிரியனுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

நாட்டார் கதையையும் தெருக்கூத்தையும் ஒரு காலத்தில் கற்றோர் புறக்கணித்தனர். இன்று அவை ஆய்வுப் பொருள்கள் ஆகிவிட்டன. ஒரு சமுதாயம் எதைக் கண்டு அஞ்சுகிறது என்பதை அதன் பேய்க்கதைகளே எளிதில் காட்டிக்கொடுக்கும். சித்திரக்கதைக்கும் இது பொருந்தும்.

கதையின் களம்

பிரிட்டனில் 1977ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'டூ தௌசண்ட் ஏ.டி.' என்னும் அறிவியல் புனைகதை வார இதழ் தொடங்கப்பெற்றது. அதன் இரண்டாவது இதழில் தோன்றிய பாத்திரமே ஜட்ஜ் டிரெட், அதாவது நீதிபதி டிரெட். கதையைப் படைத்தவர் ஜான் வாக்னர். உருவத்தை வரைந்தவர் கார்லோஸ் எஸ்குவெரா என்னும் ஸ்பெயின் நாட்டு ஓவியர். இதழைத் தொடங்கிய ஆசிரியர் பேட் மில்ஸுக்கும் அதில் பங்குண்டு. கதை நடைபெறும் ஆண்டு, இதழ் வெளியான ஆண்டுக்கு 122 ஆண்டுகள் பிந்தியது. 1977இல் வந்த கதை 2099இல் நடந்தது. நம்மைப் போலவே நாயகனுக்கும் ஆண்டுதோறும் ஒரு வயது கூடிக்கொண்டே போகிறது.

அணுப்போரால் அமெரிக்காவின் நடுப்பகுதி பாழ்நிலமாகிவிட்டது. கிழக்குக் கடற்கரையில் மெகா சிட்டி ஒன்று என்னும் மாநகர் மட்டும் நீண்டு கிடக்கிறது. தொடக்கக் கதைகளில் அதன் மக்கள் தொகை 80 கோடி. பலருக்கு வேலை இல்லை. வேலைகளை எந்திர மனிதர்கள் செய்கின்றனர். வானளாவிய குடியிருப்புகளில் மக்கள் அடைந்து கிடக்கின்றனர். குற்றங்கள் பெருகுகின்றன. அவற்றை அடக்க மக்களாட்சி நீக்கப்பட்டு, நீதிபதிகளின் ஆட்சி நடைபெறுகிறது.

இந்த நீதிபதி மேடையில் அமர்பவர் அல்லர். மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றுபவர். ஐந்து வயதில் சட்டக் கழகத்தில் சேர்க்கப்பட்டு, பதினைந்து ஆண்டுகள் பயிற்சி பெற்றவர். பிடிப்பவர், விசாரிப்பவர், தீர்ப்பளிப்பவர், தண்டனையை நிறைவேற்றுபவர் ஆகிய நால்வரும் அவர் ஒருவரே. வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடும் இல்லை. டிரெட் கையூட்டு வாங்குவதில்லை. வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பதில்லை. ஆனால் அவர் முகத்தை வாசகர் ஒருபோதும் காண்பதில்லை. தலைக்கவசம் கண்களை எப்போதும் மறைத்தே நிற்கிறது. சட்டத்துக்கு முகம் இல்லை என்பதைப் படைப்பாளர்கள் இவ்வாறு படத்தாலேயே சொல்லிவிட்டனர்.

இருண்ட நீதிபதிகளின் வருகை

1980ஆம் ஆண்டு சனவரியில் ஜான் வாக்னரும், ஓவியர் பிரையன் போலண்டும் இந்நகரத்துக்குள் ஒரு புதிய பகைவனை அனுப்பினர். அவன் பெயர் ஜட்ஜ் டெத். மரண நீதிபதி என்று நாம் அழைக்கலாம். டிரெட்டின் சீருடையைப் போன்ற சீருடைதான் அவனுக்கும். ஆனால் அது கிழிந்து, எலும்பும் பல்லுமாக இருக்கும். அவன் வேறோர் உலகத்தைச் சேர்ந்தவன். குற்றங்களைச் செய்பவர்கள் எல்லாரும் உயிருள்ளவர்களே. ஆகவே உயிரே குற்றம். அதற்குத் தண்டனை மரணம். இதுதான் அவனுடைய சட்டம். அந்தச் சட்டத்தின்படி தன் உலகம் முழுவதையும் கொன்று தீர்த்துவிட்டு, அடுத்த வழக்கை நடத்த மெகா சிட்டிக்கு வந்திருக்கிறான்.

துப்பாக்கிக் குண்டுகள் அவனை ஒன்றும் செய்வதில்லை. உடல் அழிந்தால் ஆவி வெளியேறி வேறோர் உடலைத் தேடிக்கொள்கிறது. டிரெட்டின் ஆற்றல் இங்குப் பயனற்றுப் போகிறது. பிறர் மனத்தை அறியும் ஆற்றல் பெற்ற பெண் நீதிபதி ஆண்டர்சன் அவனைத் தன் மனத்துக்குள் சிறைப்படுத்துகிறாள். வெளியேற விடாமல் அவள் தாங்கிக்கொண்டிருக்க, ஒருவகை அதிசயப் பிளாஸ்டிக்கை அவள் உடல்மீது பொழிந்து இருவரையும் சேர்த்தே மூடிவிடுகின்றனர். நகரத்தைக் காக்க அவள் உயிருடன் கல்லறை ஆகிறாள்.

1981ஆம் ஆண்டு தொடர்ச்சி வந்தது. மரண நீதிபதியின் தோழர்கள் மூவர் வந்து அவனை விடுவிக்கின்றனர். ஒருவன் பெயர் அச்சம். தலைக்கவசத்தைத் திறந்து தன் முகத்தைக் காட்டினாலே எதிரில் நிற்பவர் அஞ்சி மடிவார். மற்றொருவன் நெருப்பு. மூன்றாமவன் மோர்ட்டிஸ், அவன் தொட்டதெல்லாம் அழுகிப்போகும். நால்வரும் ஒரு குடியிருப்பைச் சுற்றி அடைத்து, உள்ளே இருந்தவர்களைத் 'தண்டிக்க'த் தொடங்குகின்றனர். அச்சம் தன் முகத்தைத் திறந்து காட்டும்போது டிரெட் அஞ்சவில்லை. அந்த முகத்திலேயே ஓங்கிக் குத்துகிறார். வாசகர்கள் இன்றும் கொண்டாடும் காட்சி அது.

ஆனால் கதையை முடிப்பது அந்தக் கைக்குத்து அன்று. டிரெட்டும், சிறை மீண்ட ஆண்டர்சனும் இருண்ட நீதிபதிகளைத் துரத்திக்கொண்டு அவர்களுடைய செத்த உலகத்துக்கே செல்கின்றனர். அங்குக் கொல்லப்பட்ட கோடிக்கணக்கானோரின் குரல்கள் ஆண்டர்சனின் மனத்தில் கேட்கின்றன. அவள் தன்னையே வாயிலாக்கி அக்குரல்களை வெளிவர விடுகிறாள். மாண்டவர்களின் ஆற்றல் அவள் வழியே பாய்ந்து, தங்களைக் கொன்ற நீதிபதிகளைத் தாக்கி அழிக்கிறது.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிந்தித்தேன். அந்தச் செத்த உலகில் தீர்ப்புகள் ஏராளமாக வழங்கப்பட்டன. ஒருவருடைய முறையீடாவது கேட்கப்பட்டதா? இல்லை. சட்டமும், சீருடையும், தண்டனையும் அங்கு இருந்தன. செவி ஒன்றுதான் இல்லை. கடைசியில் ஒருத்தி அந்த முறையீட்டைக் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் பேரழிவு முடிவுக்கு வந்தது.

கண்ணாடியில் தெரியும் முகம்

மரண நீதிபதியை அயலுலகப் பேய் என்று மட்டும் கொண்டால் கதையின் பாதிப் பொருளை இழந்துவிடுவோம். அவனுடைய சீருடை டிரெட்டின் சீருடையைப் பார்த்து வரையப்பட்டது. அவன் பேசுவது டிரெட் பேசும் சட்டத்தின் மொழி. டிரெட்டின் நகரிலும் வழக்கறிஞர் இல்லை, இவனிடமும் இல்லை. டிரெட்டின் தீர்ப்புக்கும் மேல்முறையீடு இல்லை, இவனுடையதற்கும் இல்லை. ஒரு வேறுபாடு உண்டு. டிரெட் குற்றத்துக்குத் தக்க தண்டனை என்னும் எல்லையில் நின்றுவிடுகிறார். இவன் அந்த எல்லையையும் தாண்டிவிட்டான். முறையீட்டை ஒழித்த சட்டம் நேராக நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு விடையாகவே அவன் வந்து நிற்கிறான்.

இதற்கு முன்னோட்டம் அதே தொடரில் உண்டு. 1978, 1979ஆம் ஆண்டுகளில் வந்த கதையில் கால் என்னும் பித்தன் தலைமை நீதிபதி ஆகிறான். ரோமாபுரிப் பேரரசன் கலிகுலாவைப் பார்த்துப் படைக்கப்பட்ட பாத்திரம் அவன். ஒரு தங்கமீனைத் துணைத் தலைமை நீதிபதியாக நியமிக்கிறான். பின்னர் நகர மக்கள் அனைவருக்கும் அகரவரிசைப்படி மரண தண்டனை விதிக்கிறான். வேற்றுலகத்திலிருந்து பேய் வர வேண்டிய தேவையே இல்லை என்பதை இக்கதை காட்டுகிறது. தடுத்துக் கேட்க ஆளில்லாத நாற்காலி ஒன்று போதும்.

1990ஆம் ஆண்டு வந்த 'நெக்ரோபோலிஸ்' என்னும் நெடுங்கதை இன்னும் ஓர் அடி மேலே செல்கிறது. டிரெட்டுக்குத் தாம் காக்கும் அமைப்பின்மீதே ஐயம் எழுந்து நகரத்தை விட்டு வெளியேறிவிடுகிறார். அந்த இடைவெளியில் இருண்ட நீதிபதிகள் நகரத்தைக் கைப்பற்றுகின்றனர். டிரெட் பாழ்நிலத்திலிருந்து மீண்டு வந்து அவர்களை வெல்வதற்குள் 6 கோடிப் பேர் மடிந்துவிடுகின்றனர். வென்றபின் டிரெட் செய்வது வியப்புக்குரியது. நீதிபதிகளின் ஆட்சி தொடர வேண்டுமா என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று வற்புறுத்துகிறார். 1991ஆம் ஆண்டுக் கதைகளில் அந்த வாக்கெடுப்பு நடைபெறுகிறது. மக்கள் நீதிபதிகளையே மீண்டும் தேர்ந்தெடுக்கின்றனர் என்பது கதையாசிரியரின் கசப்பான நகைச்சுவை. ஆயினும் பேரழிவைக் கண்ட சட்டக் காவலர் முதலில் செய்தது, மக்களிடம் திரும்பிக் கேட்டதுதான். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

மதுரையில் நடந்தது

இனி நம் மண்ணுக்கு வருவோம். பழனி மலையின் தென்சரிவில் இறங்கும் மஞ்சளாறு வைகையில் சேர்கிறது. அந்த வைகைக் கரையில்தான் சட்டக் காவலன் ஒருவன் இயற்கை கடந்த பேரழிவை எதிர்கொண்ட நம்முடைய பழங்கதை நடந்தது.

பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவன் அல்லன். அவன் செய்த தவறு ஒன்றே. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான். கோவலன் சொல்லைக் கேட்கவில்லை. காவலர்களிலும் சிலருக்கு ஐயம் இருந்தது. கோவலனின் தோற்றத்தைக் கண்டவர்கள் இவன் கள்வனாக இருக்க முடியாது என்று தயங்கினர். கள்வரின் தந்திரங்களைப் பற்றிப் பொற்கொல்லன் ஒரு சொற்பொழிவே ஆற்றி அந்த ஐயத்தை அடக்கிவிட்டான். ஐயம் அரண்மனை வரை செல்ல வழியில்லை. வாள் முந்திக்கொண்டது.

பின்னர்க் கண்ணகி வருகிறாள். இப்போது அரசன் கேட்கிறான். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் செய்து முன்வைக்கிறான். கண்ணகி அதை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சான்று கண்முன் சிதறிக் கிடக்கிறது. அவன் வாதாடவில்லை, ஒரே நொடியில் தன் குற்றத்தை ஏற்று உயிரை விடுகிறான். அவன் இறுதியாகக் காத்தது தன் அரியணையை அன்று, நீதியை. ஆனாலும் காலம் கடந்துவிட்டது. மதுரையைத் தீ சூழ்கிறது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கண்ணகியின் சினத்தில் எழுந்த தீயும் கண்மூடித் தீர்ப்பளிக்கவில்லை. அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே செல்லுமாறு அவள் ஏவினாள். பேரழிவாக வந்தபோதும் யார், எவர் என்று கேட்டது நம் காப்பியத்தின் தீ. மரண நீதிபதியின் தண்டனை குழந்தையையும் கேட்பதில்லை. இரண்டு கற்பனைகளுக்கும் இடையே உள்ள தொலைவு இதுதான்.

பழனியில் நடந்தது

நம் மலையின் பெயர்க் காரணமான பழனியிலேயே இன்னொரு கதை இருக்கிறது. காவடி எடுத்த வீடுகளில் பாட்டி சொல்லிக் கேட்ட கதைதான். ஆய்வுக் கண்ணோடு மீண்டும் பார்ப்போம்.

அகத்தியரின் ஆணைப்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்து வருகிறான் இடும்பன். களைப்பாறப் பழனியில் இறக்கி வைக்கிறான். மீண்டும் தூக்க முயன்றால் குன்று அசையவில்லை. மேலே ஒரு சிறுவன் நிற்கிறான். இறங்கிப் போகும்படி இடும்பன் அதட்டுகிறான். சண்டை மூள்கிறது. முருகனின் கையால் இடும்பன் மாண்டு விழுகிறான்.

மரண நீதிபதியின் கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். குற்றம் நடந்தது, தண்டனை நிறைவேறியது, கோப்பு மூடப்பட்டது. ஆனால் நம் கதை இங்குதான் தொடங்குகிறது. இடும்பனின் மனைவி ஓடிவந்து மன்றாடுகிறாள். அகத்தியரும் வந்து வேண்டுகிறார். தண்டித்தவன் கேட்கிறான். இடும்பன் உயிர் பெறுகிறான். அதோடு நின்றுவிடவில்லை, அந்த மலைக்கே அவன் காவலனாக்கப்படுகிறான். இன்றும் படியேறும் அடியார்கள் வழியில் இடும்பனை வணங்கிவிட்டே மேலே செல்கின்றனர். குற்றவாளியாக வீழ்ந்தவன் வாயிற்காவலனாக எழுந்தான். நடுவே நிகழ்ந்தது ஒரு பெண்ணின் முறையீடு.

தண்டித்தவர் தெய்வமே ஆனாலும், தண்டனை நிறைவேறிய பிறகே ஆனாலும், முறையிட வந்தவரைக் கேட்க வேண்டும் என்று இதைப் படைத்த மக்கள் எண்ணினார்கள். எழுத்தறியாத காலத்திலும் அவர்கள் தம் தெய்வத்துக்கு வகுத்துக் கொடுத்த சட்டம் இது என்றே நான் கொள்கிறேன்.

நம் சட்டம் சொல்வது

இந்தக் கருத்தைக் கதைகளோடு விட்டுவிடாமல் நம் அரசியலமைப்பிலும் தேடிப் பார்க்கலாம். நீதித்துறையை ஆட்சித்துறையிலிருந்து பிரிக்க வேண்டும் என்று அதன் 50ஆவது உறுப்பு வழிகாட்டுகிறது. பிடிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடமளிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22ஆவது உறுப்பு. பயண நேரம் இக்கணக்கில் சேராது. வறியவருக்கும் சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்னும் 39-ஏ உறுப்பு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தால், உயர்நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தாமல் நிறைவேற்ற முடியாது. அதற்கு மேலும் குடியரசுத் தலைவரிடமும் ஆளுநரிடமும் கருணை மனு அளிக்க 72, 161 ஆகிய உறுப்புகள் வழி வைத்திருக்கின்றன.

1977ஆம் ஆண்டு மேனகா காந்தியின் கடவுச்சீட்டை அரசு முடக்கியது. காரணத்தையும் தெரிவிக்க மறுத்தது. 1978ஆம் ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றம் அவ்வழக்கில் அளித்த தீர்ப்பு, மனிதனின் உரிமையைத் தொடும் எந்த நடைமுறையும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்றும், பாதிக்கப்படுபவரின் சொல்லைக் கேட்பது அந்த நியாயத்தின் பகுதி என்றும் நிலைநாட்டியது. டிரெட் முதன்முதலாகத் தெருவில் தீர்ப்பளிக்கத் தொடங்கிய மறு ஆண்டு அது. பிரிட்டனில் ஓர் எழுத்தாளர் அச்சத்தோடு கற்பனை செய்த நகரத்துக்கு எதிர்த்திசையில் நம் நீதிமன்றம் ஓர் அடி வைத்தது என்று ஒப்புமைக்காகச் சொல்லிக்கொள்ளலாம்.

இத்தனை படிகள் இருப்பதால் நீதி தாமதமாகிறது என்பது உண்மைதான். டிரெட்டின் வேகம் நமக்குக் கவர்ச்சியாக இருப்பதும் உண்மை. செய்தித்தாளில் கொடிய குற்றம் ஒன்றைப் படித்தவுடன், அந்த இடத்திலேயே சுட்டுவிட வேண்டும் என்று தேநீர்க் கடையில் நாம் பேசுவதில்லையா? அப்படிப் பேசும்போது நம் தலையில் ஒரு கவசம் ஏறிக்கொள்கிறது. கண்கள் மறைந்துவிடுகின்றன.

தேர்வு அறை வாசலில்

இப்போது தொடக்கத்தில் குறிப்பிட்ட சந்திப்புக்கு வருகிறேன்.

அந்த மாணவர் முதலாண்டு படித்தபோது நவம்பர் மாதப் பருவத் தேர்வு. நான் தேர்வு அறைக் கண்காணிப்பாளர். தேர்வு தொடங்கி அரை மணி நேரத்துக்குப் பின் வருபவரை உள்ளே விடக் கூடாது என்பது விதி. ஐம்பது நிமிடம் கழித்து ஒரு பையன் வாசலில் வந்து நின்றான். முழங்கால் வரை சேறு. சட்டை நனைந்திருந்தது. "ஐயா..." என்றான். நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். மீண்டும் "ஐயா..." என்றான். கதவைச் சாத்தினேன். அவன் சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். விதியைக் காத்த நிறைவோடு நான் விடைத்தாள்களை எண்ணத் தொடங்கினேன்.

அவர் தந்த புத்தகத்தைப் படித்து முடித்த இரவு, சாத்திய அந்தக் கதவு என் நினைவில் வந்து நின்றது. மறுநாள் அவரைத் துறைக்கு அழைத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"தம்பி, முதலாண்டுத் தேர்வன்று ஏன் தாமதமாக வந்தாய்?"

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார். முதல் நாள் இரவு முழுதும் மழை. விடியலில் புறப்பட்ட முதல் பேருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் நின்றுவிட்டது. மரமும் மண்ணும் சரிந்து பாதையை அடைத்திருந்தன. அவர் சரிவைத் தாண்டி இறங்கி நடந்தார். வழியில் ஒரு காய்கறி லாரியில் ஏறி வத்தலக்குண்டு வந்தார். அங்கிருந்து அடுத்த பேருந்தைப் பிடித்தார்.

"இதை அன்றே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன் ஐயா. நீங்கள் கேட்கவில்லை."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்தத் தாளை அவர் அடுத்த பருவத்தில் எழுதித் தேறியிருந்தார். ஆறு மாதத்தோடு போயிற்று என்று நான் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் மலையூர்ப் பையன்கள் பலர் இத்தகைய ஒரு கதவோடு படிப்பையே விட்டுவிடுகின்றனர் என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியாதது அன்று.

நான் விதியை மீறி அவரை உள்ளே விட்டிருக்க வேண்டும் என்று இங்கு வாதிடவில்லை. அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் முதன்மைக் கண்காணிப்பாளரின் அறை இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. அவரிடம் சென்று சொல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரும் மறுத்திருக்கக்கூடும். மறுத்திருந்தாலும் அது கேட்டபின் வந்த மறுப்பாக இருந்திருக்கும். நான் செய்தது கேளாமல் வழங்கிய தீர்ப்பு. என் கையில் வாள் இல்லை, கைக்கடிகாரம்தான் இருந்தது. ஆனாலும் பாண்டியன் செய்த அதே பிழையைத்தான் நானும் செய்தேன். அதையே ஆண்டுதோறும் வகுப்பில் கண்டித்துப் பாடம் நடத்தியும் வந்தேன்.

முடிவுரை

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதைக்கு 'லாஸ் காட்' என்று பெயர். லா என்பது அப்பாதைக்குக் காரணமான ஆங்கிலேயப் பொறியாளரின் பெயர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் சட்டம் என்றும் பொருள் உண்டாதலால், சிறுவயதில் அதைச் 'சட்டத்தின் மலைப்பாதை' என்றே நான் நினைத்திருந்தேன். அந்தப் பிழையான பொருளிலும் ஓர் உண்மை இருப்பதாக இப்போது தோன்றுகிறது. அப்பாதை நேராக ஏறுவதில்லை. வளைந்து வளைந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே வருபவருக்கு ஒலி எழுப்பி, நின்று, வழிவிட்டுத்தான் ஏறுகிறது. நேராக ஏறப் பார்க்கும் வண்டி பள்ளத்தில்தான் போய் விழும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை காவல்துறையில் சேர்வீர்கள். சிலர் கிராம நிர்வாக அலுவலராக, வனக்காவலராக, ஆசிரியராக, பேருந்து நடத்துநராக ஆவீர்கள். சிறிதோ பெரிதோ ஓர் அதிகாரம் ஒவ்வொருவர் கைக்கும் வரும். விதிகளை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்; நேர்மையாக நில்லுங்கள். நேர்மை மட்டும் போதாது என்பதற்கு டிரெட்டே சான்று. உங்கள் வாசலில் ஒருவர் வந்து "ஐயா..." என்று தொடங்கினால், அந்த வாக்கியத்தை முடிக்க விடுங்கள். அதற்குப் பிறகு தீர்ப்பு எதுவானாலும் சொல்லுங்கள்.

சென்ற நவம்பரிலும் மலையில் மழை பெய்தது. தேர்வு தொடங்கி நாற்பது நிமிடம் கழித்து ஒரு மாணவி மூச்சிரைக்க வந்து நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும், பார்த்தேன். பார்த்துவிட்டு, "என்னம்மா நடந்தது?" என்று கேட்டேன். அவள் சொல்லி முடித்ததும் முதன்மைக் கண்காணிப்பாளரின் அறைக்கு நானே அழைத்துச் சென்றேன்.